ஆண்ட்ராய்டு ஊதிய நாதஸ்வரம்

இது மாயவரத்தில் நடந்தது என்றால் மாயவரத்துக்காரர்கள் மறுப்பார்கள், மறுக்கட்டும். கல்யாண மண்டப முதலாளி ராஜமன்னார், உடம்பெல்லாம் தகடு போர்த்திய ஓர் உருவத்தை மேடையில் உட்காரவைத்தார். அது நாதஸ்வரத்தை எடுத்துக் கல்யாணி வாசித்தது.

"இதுக்குப் பேர் ஆண்ட்ராய்டு. கிரேக்கச் சொல்லு. மனுஷன் மாதிரி இருக்கிறதுன்னு அர்த்தம். ஆனா மனுஷன் கிடையாது" என்றார் ராஜமன்னார்.

"என் செல்போன்லயும் அதே பேர்தானுங்களே இருக்கு?" என்றார் மண்டபத்து மேளத்தில் தாளம் போடும் சிங்காரவேலு.

"அது வெறும் பேருய்யா. இதுதான் அசல். முகூர்த்தத்துக்குள்ள இதுல ஒரு குறை காட்டு. இல்லாட்டி உங்க மேளக்காரங்க அஞ்சு பேருக்கும் இங்க வேலை இல்லை."

சிங்காரவேலு சமையல்கட்டுக்குப் போய் ஓர் உருண்டை புளி வாங்கிவந்தார். ஆண்ட்ராய்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிச் சப்புக்கொட்டித் தின்றார்.

கல்யாணி தடுமாறியது. தகட்டு மோவாயிலிருந்து எச்சில் சொட்டியது.

"போதும்ணே, வாயெல்லாம் ஊறுது, ஊத முடியலை" என்றது ஆண்ட்ராய்டு.

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் சிங்காரவேலு கையைத் துடைத்துக்கொண்டார். "குறை ஒண்ணும் இல்லீங்க முதலாளி. மனுஷன் மாதிரின்னீங்க. கொஞ்சம் கூடுதலாவே இருக்கு."

முகூர்த்தத்துக்கு மேளம் ஆறு பேராக வாசித்தது. ஆறாமவர் தகட்டைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்கார்ந்திருந்தார்.