அரசர் ஒற்றைக்காலில் நின்ற கதை

முன்னொரு காலத்தில், கடலோரம் இருந்த நெய்தலங்கோட்டையை வெற்றிவேழர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. அந்தப் பங்குனியில், கடற்கரை மணலில் தேர்ப்பந்தயம் விட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அமைச்சர் அறவாழிக்கு அது சரியாகப் படவில்லை. தொந்தி குறையட்டும் என்று தினமும் விடியலில் அந்த மணலில் நடப்பவர் அவர். தொந்தி குறைந்தபாடில்லை, ஆனால் உப்புக்கொத்திகள் பழக்கமாகிவிட்டன. உள்ளங்கையில் அடங்கும் குருவிகள். கூடு கட்டாமல் வெறும் மணலைச் சீய்த்து முட்டையிட்டிருந்தன. தேர் ஓடினால் அத்தனையும் கூழ்.

“அரசே, குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கலாமே” என்றார்.

தளவாய் சிங்கராயர் கனைத்துக்கொண்டார். அமைச்சரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். “நேற்று நானே போய்ப் பார்த்தேன். ஒரு முட்டையும் இல்லை. அமைச்சருக்குக் கண்ணில் புரை!”

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். “பந்தயம் நாளைக் காலை. இனி நீர் குருவி என்று வாயைத் திறந்தால், மோதிரம் தளவாய்க்கு!”

அறவாழி நேரே அரண்மனை ஜோதிடரிடம் போனார். பந்தயத்துக்குக் குறித்த நல்ல வேளை முடிந்த கையோடு ராகுகாலம் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டார். ராகுகாலத்தில் வெற்றிவேழர் தேரிலோ பல்லக்கிலோ கால்வைக்கமாட்டார்.

மறுநாள் பனந்தோப்பு ஓரமாகத் தேர்கள் வரிசைகட்டி நின்றன. அந்நேரம் பார்த்து அறவாழி, ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டு, மேல்துண்டுக்குள் எதையோ அணைத்தபடி, தளவாயின் மூக்குக்கு நேரே பதுங்கிப் பதுங்கிப் போனார்.

“நில்லும்! துண்டுக்குள் என்ன?”

“ஒன்றுமில்லையே!” என்று ஓட்டமெடுத்தார் அமைச்சர்.

“ஒன்றுமில்லாதவர் ஏன் ஓடுகிறார்? அரசே, அரண்மனைப் பொருள் எதையோ அமுக்கிவிட்டார்!”

தளவாய் துரத்தினார். அது என்னவென்று தெரியாமல் அரசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரும் தேரிலிருந்து இறங்கி ஓடினார். அரசர் ஓடினால் படை சும்மா நிற்குமா? தோப்பைச் சுற்றி, உப்பளத்தைச் சுற்றி, எட்டிப் பிடிக்கப் போகும் நேரமெல்லாம் அறவாழி நழுவினார். அகப்பட்டால் மோதிரமும் போச்சு, முட்டையும் போச்சு என்று பயந்துகொண்டே ஓடினார். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவருக்கு அது குஷியாகவும் இருந்தது.

கோட்டையில் சங்கு ஊதியது. ராகுகாலம்! அறவாழி நிமிர்ந்து நின்று துண்டை உதறினார். உள்ளே ஒன்றுமில்லை.

அரசருக்கு முகம் சிவந்தது. “என்னையா ஏமாற்றினீர்? காலில் இருந்த நொண்டல் எங்கே?”

“போய்விட்டது அரசே. இந்த வித்தையைக் கற்றுத் தந்தவர் வீடு பக்கத்தில்தான். ராகுகாலம் கழியும்வரை சும்மாதானே இருக்கப்போகிறோம்? மெல்ல நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.”

படை பின்னால் நிற்க, மூவரும் மணலில் கொஞ்சதூரம் போனதும், ஒரு சின்ன உப்புக்கொத்தி எதிரே வந்து விழுந்தது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு கீச்கீச்சென்று துடித்தது.

“பாவம், குருவிக்குச் சிறகு ஒடிந்துவிட்டது! இதோ பிடிக்கிறேன்!” என்று பாய்ந்தார் தளவாய். அது நழுவியது. மறுபடி பாய்ந்தார். மறுபடி நழுவியது. அப்படியே அவரை வெகுதூரம் இழுத்துப் போனது.

அரசர் வாயைப் பிளந்தார். “அறவாழி, அதற்குச் சிறகு ஒடியவே இல்லை! உம்மைப் போல ஏமாற்றுகிறது. எதையோ மறைக்கிறது!” என்று காலை எடுத்து வைக்கப் போனார்.

“அரசே, காலை ஊன்றாதீர்கள்!”

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. அதன் நிழலில், மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள்.

அமைச்சரின் தோளைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்ற அரசருக்குச் சிரிப்பு வரவில்லை. “இவ்வளவு கிட்டத்திலேயே தெரியவில்லையே. தேரிலிருந்து எனக்கு எங்கே தெரிந்திருக்கும்? இத்தனை பெரிய படைக்கு எதிரே இந்தச் சின்னக் குருவி தனியாக வந்து நின்றிருக்கிறது, பாரும்” என்றார். வந்த தடத்திலேயே அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினார்.

தூரத்தில் குருவி ஜம்மென்று பறந்துபோக, தளவாய் மூச்சு வாங்கத் திரும்பினார். “அரசே! அமைச்சர் குருவிப் பேச்சை எடுத்துவிட்டார். மோதிரம்...”

“அவர் எங்கே எடுத்தார்? இன்று குருவி என்று முதலில் சொன்னவர் நீர்தான்” என்றார் அரசர். “பந்தயம் ஆவணியில். அதுவரை இந்த மணலுக்கு நீரே காவல். ஆயுதம் கூடாது. நாயோ நரியோ வந்தால், அமைச்சரையும் குருவியையும் போல நொண்டிக் காட்டித் தூரமாக அழைத்துப் போம்!”

அமைச்சரின் நொண்டிய காலுக்குப் பொன்னால் வீரக்கழல் வந்தது. “எந்தக் காலில் பூட்ட?” என்று கேட்டார் அரசர். அறவாழிக்கு மறந்தே போயிருந்தது.

அந்தக் கோடை முழுக்கத் தளவாய் முன்னால் நொண்ட, நாய்கள் பின்னால் ஓடின. அவர் நொண்டுவது அமைச்சர் நொண்டியதைவிட அழகு என்று ஊரே சொன்னது.