நாற்பது ராஜாக்களும் ஒரு திரையும்

சுள்ளிக்காட்டுச் சிங்கராஜாவுக்கு ஒரு நரி மந்திரியாக இருந்தது. அதன் பெயர் வித்தகன். வேலையைச் செய்வதில் அது சுமார்தான். செய்ததாகக் காட்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தக் காட்டு ஆறு மாசி பிறந்தாலே வற்றிவிடும். பங்குனியில் யானைக்கூட்டம் வந்து ஆற்றுமணலில் குழி தோண்டும். அதில் ஊறுகிற தண்ணீரை யானைகளும் குடிக்கும், காடும் குடிக்கும். யானைகள் தண்ணீருக்காக வரவில்லை. தெற்கே இன்னொரு காட்டில் வற்றாத குளமே இருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தது கூத்துப் பார்க்க.

சடையன் என்ற கரடிதான் கூத்து வாத்தியார். அது ராஜா வேஷம் கட்டி ஆட ஆரம்பித்தால், கூட்டத்தின் தலைவி பெரியநாச்சி காதை ஆட்டுவதைக்கூட மறந்துவிடும். கூத்து இருந்தால் யானை வரும், யானை வந்தால் தண்ணீர் வரும். இது காட்டில் எலிக்குஞ்சுக்கும் தெரியும். மந்திரிக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததெல்லாம் மந்திரிகளுக்கு நினைவில் இருக்க வேண்டும் என்று என்ன சட்டமா இருக்கிறது?

ஒரு ஆடி மாதம் சடையன் அரசசபைக்கு வந்தது. மூக்கில் கறையான் ஒட்டியிருந்தது. வணக்கம் கிணக்கம் எதுவும் சொல்லவில்லை. கூத்துக்காரனுக்கு உள்ள திமிரெல்லாம் அதற்கும் உண்டு.

தன்னிடம் தொழில் கற்கிற நாலு பேர் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. இரண்டு செந்நாய்கள் திரை பிடிக்கின்றன. கௌதாரி பின்பாட்டுப் பாடுகிறது. மரங்கொத்தி தாளம் தட்டுகிறது. மழைக்காலம் வந்தால் நாலும் இரை தேடி நாலு திசைக்கு ஓடிவிடுகின்றன. கோடையில் திரும்பி வரும்போது, கற்றதெல்லாம் வெள்ளத்தோடு போயிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நாலு பேருக்கு மூணு மாசம் வயிறு காயாம பாத்துக்கங்க மகாராஜா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றது சடையன்.

சிங்கம் கொட்டாவி விட்டது. மந்திரியைப் பார்த்துக் கவனிக்கச் சொன்னது. அத்துடன் அதன் அரசாட்சி அன்றைக்கு முடிந்தது.

வித்தகன் யோசித்தது. நாலு பேருக்குச் சோறு போட்டால் எவன் பேசப்போகிறான்? அதே சோற்றை நாற்பது பேருக்குப் போட்டுத் தலையில் கிரீடமும் வைத்தால், பக்கத்துக் காடுவரை பேச்சாக இருக்கும். மூன்று மாதம் எதற்கு? ஒரு வாரம் போதாதா? நினைக்க நினைக்க நரிக்குத் தன்மேலேயே மரியாதை பெருகியது.

காட்டைக் கூட்டி, யாருக்கு எந்த வேஷம் கற்க ஆசை என்று கேட்டது. கழுதை ராஜா வேஷம் என்றது. காட்டுப்பன்றியும் ராஜா வேஷம் என்றது. முயல், உடும்பு, முள்ளம்பன்றி எல்லாம் ராஜா வேஷமே கேட்டன. பின்பாட்டுக்கு யார் என்று கேட்டபோது ஆமை மட்டும் கழுத்தை நீட்டியது. அது சோம்பல் முறித்தது என்று பிறகு தெரிந்தது.

காட்டின் தேவை இன்னதென்று தெளிவாகிவிட்டதாக நரி மகாராஜாவிடம் போய்ச் சொன்னது. கரடி நாலுதானே கேட்டது என்று சிங்கம் இழுத்தது. கரடிக்குச் சின்ன மனசு, மகாராஜாவுக்குப் பெரிய மனசு என்று நரி சொன்னதும் சிங்கத்துக்குப் பிடரி சிலிர்த்தது.

நாவல் மரத்தடியில் பயிற்சி தொடங்கியது. கிளியை ஆசிரியராகப் போட்டார்கள். கிளி மேடை ஏறியதே கிடையாது. ஆனால் மேடைக்கு மேலே கிளையில் உட்கார்ந்து சடையனின் வசனத்தைப் பல வருஷம் கேட்டிருக்கிறது. கேட்டதை அப்படியே சொல்லும். சந்தேகம் கேட்டால் முதலிலிருந்து திரும்பச் சொல்லும்.

கிரீடம் சூடுவது, மீசை முறுக்குவது, 'நானே இக்காட்டுக்கு ராஜா' என்று முழங்குவது. பாடம் அவ்வளவுதான். மீசை இல்லாதவர்கள் இருப்பதாக நினைத்து முறுக்கிக்கொண்டார்கள். மூன்று வேளையும் சாப்பாடு அமர்க்களம். வாசனை பிடித்துச் சடையனின் நாலு சீடர்களும் வந்து சேர்ந்துகொண்டன. திரை பிடித்துப் பட்டினி கிடப்பதைவிட, கிரீடம் வைத்து விருந்து சாப்பிடுவது மேல் என்று அவற்றுக்குத் தோன்றியது. அதில் தப்பும் சொல்ல முடியாது.

சடையன் உறுமிக்கொண்டு வந்து நின்றது. வித்தகன் பதறவே இல்லை. வாத்தியாரும் விரும்பினால் கிளியிடம் சேர்ந்து ராஜா வேஷம் கற்கலாம், வயது ஒரு தடையில்லை என்று தேன் ஒழுகச் சொன்னது. கரடி கிளியைப் பார்த்தது. கிளி இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டது.

எட்டாம் நாள் நாற்பது பேருக்கும், கற்றுத் தேறியதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு தேக்கிலை கொடுத்தார்கள். அதில் நரியின் பாத முத்திரை இருந்தது. மூன்று மாதத்துக்கு நாலு பேர் சாப்பிட வேண்டியது, ஒரே வாரத்தில் நாற்பது பேரின் ஏப்பமாகப் போய்விட்டது.

பங்குனி வந்தது. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. யானைக்கூட்டம் வந்து கூத்துமேடை இருந்த ஆலமரத்தைச் சுற்றி நின்றது. பெரியநாச்சி முன்வரிசையில் நின்றது. பக்கத்துப் பாறையில் சிங்கராஜா அமர்ந்தது. வித்தகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, காணாததைக் காணப்போகிறீர்கள் என்று அறிவித்தது. அது என்னவோ உண்மைதான்.

கூத்தில் ராஜா வருவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு மரக்கட்டைமேல் ஏறி, புரசிலை தைத்த திரையைப் பல்லில் கடித்து விரித்துப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும். பின்பாட்டுக்காரர்கள் வருவது யார் என்று பாடிக் கேட்பார்கள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது திரை விலகும்.

அன்றைக்குத் திரை இல்லை, சலங்கை இல்லை, கேட்க ஆளும் இல்லை. கழுதை நேராக நடந்து வந்து, "நானே இக்காட்டுக்கு ராஜா," என்றது. அதன் வாலைத் தொட்டுக்கொண்டு பன்றி வந்து அதையே சொன்னது. பிறகு முயல் வந்தது. கிரீடம் மூக்குவரை இறங்கியிருந்ததால், அது ஆலமரத்தைப் பார்த்துச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் நாற்பது ராஜாக்களும் மேடையில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே குரலில் கத்தினார்கள்.

சிங்கம் மெல்ல எழுந்தது.

"அப்ப நான் யாரு?"

கழுதை சிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"இலை வெச்சிருக்கீங்களா?" என்றது.

சிங்கராஜாவிடம் இலை இல்லை. பரம்பரையாக ஆண்ட குடும்பத்தில் ஒருவரும் இலை வாங்கி வைக்கவில்லை.

பெரியநாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கூத்து எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டது. முடிந்துவிட்டது என்று கிளி பெருமையாகச் சொன்னது. யானை ஒரு பெருமூச்சு விட்டது. பொழுது சாய்வதற்குள் தெற்கே குளத்துக்குப் போய்விடலாம் என்று தன் கூட்டத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பியது. நாக்கு வறண்ட காடு மூச்சுவிடாமல் அதைப் பார்த்தது.

சிங்கம் நரியின் காதருகே குனிந்தது.

"யானை அந்தப் புளியமரத்தத் தாண்டுச்சுன்னா, உன் தோல உரிச்சு மத்தளம் கட்டுவேன்."

வித்தகனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கூத்தில் உண்மையான அக்கறை பிறந்தது. விழுந்தடித்துக்கொண்டு சடையனிடம் ஓடியது. சடையன் ஒரு புற்றின் மேல் சாய்ந்து கறையான் தின்றுகொண்டிருந்தது.

"வாத்தியாரே, ஏறி ஆடுங்க. என் தோலக் காப்பாத்துங்க."

"ஆடலாம். திரை யாரு பிடிப்பா? நாற்பது பேர வெச்சிருக்கியே, ஒருத்தனக் கேட்டுப் பாரு."

நரி மேடைக்கு ஓடிக் கேட்டது, காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. அது பாடத்தில் வரவில்லையே என்றது பன்றி. ராஜாக்கள் திரை பிடிப்பது மரபா என்று கழுதை கேட்டது. அங்கே பெரியநாச்சி புளியமரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. வித்தகன் தானே கட்டைமேல் ஏறித் திரையின் ஒரு முனையைப் பல்லில் கடித்தது. மறுமுனை தரையில் கிடந்தது. கூட்டத்தில் நின்ற செந்நாய்களில் மூத்தது அதையே பார்த்தது. கிரீடம் வேறு காதை அறுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து மறுமுனையைக் கடித்தது. அதைப் பார்த்துவிட்டு மரங்கொத்தி கிளையில் தட்டத் தொடங்கியது. கௌதாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வருவது யார் என்று பாடிக் கேட்டது.

திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்தது.

பெரியநாச்சியின் முன்கால் அந்தரத்தில் நின்றது. காது ஒன்று திரும்பியது. பிறகு முழு யானையும் திரும்பியது.

திரை விலகியது. சடையன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மேடை நிறைய ராஜாக்களைக் கண்டதும் அதற்கு ஒரு யோசனை தோன்றியது. எதிரி நாட்டு ராஜாக்களா, வாங்கடா என்று முழங்கிக்கொண்டு கழுதைக்கு ஓர் அறை விட்டது. கழுதை போய்ப் பன்றிமேல் விழுந்தது. பன்றி உடும்பின்மேல் விழுந்தது. கிரீடங்கள் உருண்டன. தோற்று விழுவதற்குக் கிளி பாடம் எடுக்கவில்லைதான். ஆனாலும் ஒருவரும் தவறு செய்யவில்லை. பெரியநாச்சி துதிக்கையைத் தூக்கிப் பிளிறிப் பிளிறிச் சிரித்தது.

மறுநாள் காலையில் ஆற்றுமணலில் குழிகள் விழுந்தன. தண்ணீர் ஊறியது. காடு குடித்தது.

என்ன வேண்டும் என்று சிங்கம் கேட்டது. சடையன் பழையதையே கேட்டது. நாலு பேர், மூன்று மாதம், வயிற்றுக்குச் சோறு. நாலில் இளைய செந்நாய்க்குக் கிரீடம் பிடித்துப்போய்விட்டதால், அதற்குப் பதிலாக மந்திரியைக் கொடுத்துவிடும்படியும் கேட்டது. சிங்கம் சந்தோஷமாகக் கொடுத்தது. மந்திரி வேலை கிளிக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் வித்தகன் கட்டைமேல் நின்று திரை பிடித்தது. முதல் நாளே ஒரு விஷயம் அதற்கு விளங்கிவிட்டது. திரையைக் கடித்த வாயால் இரையைக் கடிக்க முடியாது. கண்ணெதிரே கொழுத்த எலி ஓடும், பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கரடி எதற்காக அன்றைக்குச் சபைக்கு வந்து நின்றது என்பது, நரிக்கு வயிறு வழியாகப் புரிந்தது. ஆனால் அங்கே நின்றதால், திரைக்குப் பின்னால் சடையனின் கால் எந்தத் தாளத்துக்கு எப்படி விழுகிறது என்பதையும் அது பார்த்தது. எதிரே உட்கார்ந்து பார்க்கிற எவருக்கும் அது தெரியாது. பசியிலும் நரியின் பாதம் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. அதில் அதற்கே வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அரண்மனைச் சோறு கொஞ்ச நாள் ஒழுங்காக வந்தது. பிறகு தாமதமாயிற்று. பிறகு நின்றுபோனது. ஒரு மத்தியானம் கிளி மந்திரி பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. போன தடவை நடந்த தவறு தனக்குப் புரிந்துவிட்டதாகச் சொன்னது. ராஜா வேஷம் யாருக்கு வேண்டும்? காட்டுக்குத் தேவை திரை பிடிக்கிறவர்கள். ஆகவே இந்த வருஷம் நாற்பது பேருக்குத் திரை பிடிக்கப் பயிற்சி, ஒரே வாரம், முடிந்ததும் தேக்கிலை. அதற்காகத்தான் சோற்றைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் கிளி சொன்னது.

வித்தகன் திரையைக் கீழே போட்டது. அதுவரை ஒத்திகையில் ஒருமுறைகூடப் போட்டதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"காட்டுக்கே இருக்கறது ஒரு திரை. அதப் பிடிக்க நாங்க ரெண்டு பேரு நிக்கிறோம். நாற்பது பேரு அப்புறம் வரட்டும், இன்னிக்கு இந்த நாலு பேருக்குச் சோறு எங்கே?"

கிளி முதலிலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்கியது. நரி மரம் ஏறாது என்று அது நினைத்திருந்தது. பசித்த நரியைப் பற்றி அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இரண்டே தாவலில் வித்தகன் கிளையை எட்டிவிட்டது. வாலில் பாதியை விட்டுவிட்டு அரண்மனைக்குப் பறந்த கிளி, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு காரியத்தை உடனே செய்தது. சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கும் சோறு வந்து சேர்ந்தது.

நீதி: கலையை வளர்க்க நினைக்கிறவன் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கிரீடம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், திரை பிடித்துக் கற்கிறவனுக்குக் கற்று முடிக்கும்வரை சோறு போட்டால் போதும்.