முதல் வடை முதலாளிக்கு

பல்லடத்தில் மாராத்தாள் சுட்ட வடையைத் தின்றவர்களெல்லாம் தூ தூ என்று துப்பினார்கள். போன வாரம் வாங்கிய புது கிரைண்டரின் கல் உதிர்ந்து மாவில் விழுந்துகொண்டிருந்தது. அதை வாங்கிய கடைக்கு நாலு தடவை நடந்தாள். முதலாளி தங்கமுத்து நாற்காலியை விட்டு அசையவில்லை.

“என் கல்லு கோயில் கல்லு மாதிரி அம்மணி! உன் உளுந்துலதான் மண்ணு. மாத்த முடியாது, போ!”

ஐந்தாம் தடவை, கிரைண்டரையும் அடுப்பையும் ஆட்டோவில் ஏற்றி வந்தாள்.

“நீங்க சொன்னா சரிங்க. உங்க வீட்டு உளுந்தே குடுங்க. இங்கயே ஆட்டிச் சுட்டு, உங்க கல்லுப் பெருமைய ஊருக்குக் காட்டறேன்.”

முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. அவர் வீட்டில் ஊறிக்கொண்டிருந்த உளுந்தே வந்தது. கூட்டமும் கூடியது.

“முதல் வடை முதலாளிக்குங்க!”

கடித்தார். நறநறவென்ற சத்தம் வாசல்வரை கேட்டது. துப்பினால் மானம் போகும். கண்ணை மூடி விழுங்கினார். மாராத்தாள் பணிவாக இரண்டாவதை நீட்டினாள்.

“இன்னொண்ணு வெச்சுக்கங்க.”

“சாமி, போதும்! வேற கிரைண்டர் எடுத்துட்டுப் போ!”

மறுநாள் காலை, பஞ்சுபோன்ற பத்து வடையோடு வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“உங்க புண்ணியத்துல இன்னைக்கு ஒருத்தரும் துப்பலீங்க. மனசு நெறஞ்சு கொண்டாந்தேன்.”

முதலாளி ஒன்றை எடுத்தார். காதோரம் வைத்து உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தார்.