உப்பு மூட்டை

"தாயே, மூணாவது வில்வமும் பட்டுப்போச்சு," என்றார் வேதையன்.

அவர் வில்வம் நட்டது செவலையின் சமாதிமேல்.

செவலை அவர் வளர்த்த பசு. மலையடி ஆசிரமத்துக்குச் சீடராக வந்தபோது கையோடு ஓட்டிவந்தது. போன வருஷம் தையில் அது செத்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி மனிதர் அழுது தீர்த்தார். பிறகு சித்தர்களுக்குச் செய்வது போலவே குழி வெட்டினார். திருநீறு கொட்டினார். சொந்த ஊர் உப்பளத்திலிருந்து உப்பு வரவழைத்துக் குழியை நிரப்பினார். செவலை அழுகிவிடக் கூடாதே என்று அவருக்கு அவ்வளவு தவிப்பு.

குரு நாச்சியம்மை மார்கழியிலிருந்து படுக்கையும் கஷாயமுமாகக் கிடந்தார். இப்போது எழுந்து வேதையனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நட."

ஓடைக்கரையில் நின்றார்கள்.

"இங்க என்ன கிடந்துச்சு?"

"கோடையில செத்த மான். நாத்தம் குடலப் புடுங்குச்சு. பொதைச்சுடலாம்னேன், நீங்கதான் விடல."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"காக்கா. நரி. அப்புறம் ஈயும் புழுவும்." வேதையன் முகத்தைச் சுளித்தார்.

"இப்ப?"

இடுப்பளவு புல் நின்றது. வெளுத்த விலா எலும்பு ஒன்றில் கோவைக்கொடி ஏறியிருந்தது. பக்கத்தில், யாரும் நடாத நாவல் கன்று தளதளவென்று நின்றது.

அங்கிருந்து செவலையின் சமாதிக்கு வந்தார்கள். அம்மை ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாக்குல வை."

வைத்தார்.

"கரிக்குது."

"செவலை உள்ள எப்படி இருக்கும்?"

"வச்சபடியே இருக்கும் தாயே."

"அதத் தேடி யாராவது வந்தாங்களா?"

"அவ்வளவு உப்புல எந்தப் புழு வரும்?" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். பட்டுப்போன வில்வக் கன்றைப் பார்த்தார்.

திரும்பும்போது அம்மை சமையற்கட்டு வாசலில் நின்றார்.

"அந்த மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கியே, என்னது?"

வேதையன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மை படுக்கையில் விழுந்த வாரமே ரகசியமாக ஊருக்குச் சொல்லி வரவழைத்தது அது.

"உப்பு."

"யாருக்கு?"

அவர் கண் நிறைந்துவிட்டது.

அம்மை அவர் தோளை மெல்லத் தட்டினார்.

"மாவடு வர ஆரம்பிச்சாச்சு. ஊறுகா போட்டுடு."