வெள்ளத்தாய் கருமந்திக்கு வளைகாப்புப் போட்ட கதை

ஒரே ஒரு மலை, அந்த மலை மேல ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒருத்தி இருந்தா, பேரு வெள்ளத்தாய். கீழ, வெயில் காயுற கரிசக்காட்டுல பொறந்தவ, கல்யாணம் கட்டி மலைக்கு வந்தவ. ம் கொட்டுடா. நீ கொட்டுனாத்தான் கதை நகரும்.

ம்.

அவளுக்கு ஓட்டு வீடு இருந்துச்சு, வீட்டுக்குப் பின்னால பெரிய வாகை மரம் இருந்துச்சு, தங்கமான புருஷன் இருந்தான். பிள்ளை மட்டும் இல்ல. அதுக்காக அந்த ஊர்ப் பொம்பளைங்க செஞ்ச காரியத்தைக் கேளு. யார் வீட்டுல வளைகாப்பு நடந்தாலும் இவளைச் சமைக்கக் கூப்பிடுவாங்க, பாத்திரம் கழுவக் கூப்பிடுவாங்க. வளையல் போடுற நேரம் வந்தா மட்டும், "வெள்ளத்தாயி, அடுப்புல ஏதோ தீயுது, போய்ப் பாரு"ம்பாங்க. அடுப்புல ஒண்ணும் தீயாது. எனக்குச் சொல்றப்பவே வயிறு எரியுது. இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா?

அப்புறம் ஒருநாள், துணியைக் காயப்போட்டுட்டு நிமிர்ந்து பாத்தா, வாகை மரத்துல ஒரு குரங்கு! உடம்பு கன்னங்கரேல்னு, தலையில மட்டும் பொன்னு மாதிரி முடி, கீழ தொங்குற நீள வாலு. வயிறு? பானை! நல்ல உருண்ட பானை. அவ பொறந்த ஊர்க் குரங்கெல்லாம் ஒல்லியா வரும், கையில இருக்கிறதைப் பிடுங்கிட்டு ஓடும். இது பிடுங்கவும் இல்ல, ஓடவும் இல்ல. ஒரே இடத்துல உக்காந்து சரக் சரக்னு இலையா உருவித் தின்னுச்சு.

அப்போ காட்டு வாட்சர் ஒருத்தர் அந்தப் பக்கமா போனாரு.

"அண்ணே, அது என்ன குரங்கு?"

"கருமந்தி, தாயி." சொல்லிட்டு அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.

வெள்ளத்தாய் அண்ணாந்து அந்த வயித்தைப் பாத்தா. அவ ஊர்ல மந்தின்னா பொம்பளைக் குரங்கு, ஆம்பளைன்னா கடுவன். அப்போ கருமந்தின்னா? கரு உண்டான மந்தி! முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "ஆத்தி, மாசமால்ல இருக்கு! வாய்க்கு எதுவும் பிடிக்காம வெறும் இலையைக் கடிக்குதே பாவம்!"

தூங்கிட்டியா? ம். சரி.

மறுநாள் ஒரு பழுத்த வாழைப்பழத்தை எடுத்துட்டுப் போனா. குரங்கு மோந்து பாத்துச்சு, தொப்புனு கீழ போட்டுச்சு. அடுத்தாப்ல கருப்பட்டித் துண்டு. நக்கிப் பாத்துச்சு, கண்ணை மூடி மூடித் திறந்துச்சு. அப்புறம் பாயசம். ஆகா! கொட்டாங்குச்சியோட சேத்து வழிச்சுச்சு! அன்னையில இருந்து அது இவ கையைத் தேடி வர ஆரம்பிச்சுது. மரத்துல இருந்து திண்டுக்கு, திண்டுல இருந்து மடிக்கு. மடியில ஒரு உசுரு உக்காந்தா எப்படி இருக்கும்னு அவளுக்கு அப்பதான் தெரிஞ்சுது. வெயில் ஏறுற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருப்பா, கால் மரத்துப் போனாலும்.

அப்போ அவ மனசுல ஒரு ஆசை. எந்த ஊர்ல நடக்கும் இது? குரங்குக்கு வளைகாப்பு!

புருஷன் தலையில அடிச்சுக்கிட்டான். "கோட்டி புடிச்சிருச்சா உனக்கு?"

"ஆமா, புடிச்சிருச்சு. தேங்காயை உரிச்சுக் குடுத்துட்டுப் போ."

சக்கரைப் பொங்கல் பண்ணினா, தேங்காச்சோறு பண்ணினா, புளிச்சோறு, பால்சோறு, பழம், அதிரசம். குரங்கை மனையில உக்கார வெச்சு, கன்னத்துல சந்தனம் பூசி, ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல் போட்டா. கிளிங் கிளிங். யாரும் அவளை அடுப்பைப் பாக்க அனுப்பல. அவ கையாலயே போட்டா. போட்டுட்டு ஓன்னு அழுதுட்டா.

அப்புறம் ஊட்டுனா பாரு, ஊட்டுனா, அப்படி ஊட்டுனா.

இப்போ நான் ஒண்ணு சொல்றேன், பதறாதே. உனக்கும் எனக்கும் வயிறு சின்னப் பை. கருமந்திக்குப் பெரிய பை, அதுக்குள்ள அறை அறையா இருக்கும். முருங்கைக்கீரையில ஒரு காம்பு வந்தாலே நீ துப்புறியே, அது தின்னுற இலை பூரா நாரு. நாரை அதாலயும் செரிக்க முடியாது. அதனால உள்ள வேலைக்கு ஆள் வெச்சிருக்கு. கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி உசுருங்க, கோடி கோடியா. இட்லி மாவைப் புளிக்க வைக்குதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இலை வந்து விழுந்தா, "மெதுவா, மெதுவா"னு நாள் பூரா ஊற வெச்சு, புளிக்க வெச்சு, நாரைப் பிரிச்சு, கருமந்திக்குச் சத்தாக்கிக் குடுக்கும். அதான் அதுக்கு எப்பவும் பானை வயிறு. உள்ள இலை, இலை, இலை. பிள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல!

அந்தப் பானைக்குள்ள சக்கரைப் பொங்கல் போய் விழுந்தா என்ன ஆகும்? அம்மாடி! பொடி உசுரெல்லாம், "அடிச்சுதுடா யோகம்!"னு ஒரே பாய்ச்சலாப் பாஞ்சுதுங்க. நாள் பூரா பாக்குற வேலையை ஒரே நேரத்துல பாத்தா? பொங்குச்சு. குளுகுளு குளுகுளுன்னு நுரை தள்ளிப் பொங்குச்சு. போறதுக்கு வழியில்லாத காத்து வயித்தை முட்டுச்சு.

குரங்கு மனையில இருந்து சாஞ்சுது. வயிறு தவில் மாதிரி விறைச்சுப் போச்சு. தட்டினா டொம் டொம்முங்குது. மூச்சு மட்டும் ஹெக், ஹெக்குனு மேல மேல வாங்குது.

"ஐயய்யோ, வலி கண்டுருச்சு!"ன்னு வெள்ளத்தாய் தலைதெறிக்க ஓடினா. எங்க ஓடினா? மருத்துவச்சி சுடலி வீட்டுக்கு. அந்த ஊர்ல அம்புட்டுப் பிள்ளையையும் கையில வாங்குனவ சுடலி. "பிரசவம், ஓடியா!"ன்னதும் யாருக்கு என்னன்னு கேக்காம வெந்நிப் பானையும் துணியுமா ஓடியாந்தா.

வந்து பாத்தா மனையில குரங்கு! கையில வளையலு! சுடலி பானையை இறக்கி வெச்சா. சரி, வந்தாச்சேன்னு குனிஞ்சு காலை விலக்கிப் பாத்தா. பாத்தவ எகிறிப் பின்னால குதிச்சா.

"அடிப் பாவி மகளே! இது கடுவன்டி!"

"கருமந்தின்னாரே அந்த அண்ணே!"

"கறுப்பா இருக்கிறதால கருமந்தி! ஆம்பளைக்கும் அதே பேருதான், பொம்பளைக்கும் அதே பேருதான்! ஆம்பளைக்கு வளையல் போட்டு வெச்சிருக்கியே!"

சிரிக்காதே. வெள்ளத்தாய் சிரிக்கல. குரங்கோட வயித்தைத் தொட்டுப் பாத்தா. "அப்போ இந்த வயிறு?"

சுடலி வயித்துல காதை வெச்சுக் கேட்டா. குளுகுளு குளுகுளு. "என்னடி குடுத்த?"

"பொங்கலு... பழம்... அதிரசம்..."

"மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டுக்குப் பொங்கலை அள்ளி வெச்சு, வயிறு உப்பிச் சாகுறதைப் பாத்ததில்லையா நீ? இலை தின்னுற வயித்துல எதைப் போட்டுருக்க? நீ ஆசையா ஊட்டுனது அத்தனையும் இதுக்கு வெசம்டி!"

வெசம். அந்த வார்த்தை அவ நெஞ்சுல எப்படி இறங்கியிருக்கும், நீயே சொல்லு. ஆசை ஆசையா வளத்த ஒரே உசுரு, தன் கையாலயே போகப்போகுது.

அப்புறம் ஓமத்தண்ணி குடுத்தாங்க. புர்ருனு துப்பிருச்சு. அப்புறம் நல்லெண்ணெயை வாயில ஊத்துனாங்க. பாதி உள்ள போச்சு, பாதி வெளிய வந்துச்சு. வயிறு வடியல. மூச்சு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

"தோள்ல போடுடி!"ன்னா சுடலி. "பால் குடிச்ச பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டுவாங்கல்ல, அப்படித் தட்டு!"

"எனக்குத் தட்டத் தெரியாதே, சுடலியக்கா!"

ஆமா. அவளுக்கு யாரு பிள்ளையைக் குடுத்தா, தட்டிப் பழக? சுடலி அவ கையைப் பிடிச்சுக் குரங்கோட முதுகுல வெச்சா. தட்டுனா. தப், தப், தப். குரங்கோட தலை அவ தோள்ல துவண்டு கிடந்துச்சு. தப், தப், தப். "போயிடாதேய்யா, நான் இனிமே ஒண்ணும் தரமாட்டேன், போயிடாதேய்யா"ன்னு அழுதுக்கிட்டே தட்டுனா. தப், தப்...

ஏஏஏஏவ்வ்!

ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி ஒரு ஏப்பம்! அந்த வாடை இருக்கே, ஒரு வாரத்து மாவு! சுடலி மூக்கைப் பிடிச்சுக்கிட்டா. வெள்ளத்தாய் பிடிக்கல. அந்த வாடைக்குள்ளயே நின்னு சிரிச்சா, அழுதா. அப்புறம் இன்னொரு ஏப்பம், இன்னொரு ஏப்பம். வயிறு மெல்ல மெல்ல இளகுச்சு. சுடலி வளையலை உருவிப் போட்டா. குரங்கு ஒரே தாவு, மரத்து மேல!

ரொம்ப நாள் கீழ இறங்கல. அப்புறம் ஒருநாள் காலையில இறங்கி வந்துச்சு. நேரா அவகிட்ட வந்து கையை நீட்டுச்சு. உள்ள அடுக்களையில கருப்பட்டி இருக்கு. அது முகத்தைப் பாக்குது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டுது. மடியைத் தொட்டுப் பாக்குது. வெள்ளத்தாய் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போய், ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

அது கேட்டுக்கிட்டே நின்னுச்சு. அவ குடுக்கவே இல்ல. கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது, குடுக்கல. கொஞ்ச நேரம் பாத்துச்சு, திரும்பி மரத்துல ஏறிப் போயி இலையை உருவித் தின்ன ஆரம்பிச்சுது. சரக், சரக், சரக்.

பெத்தவ கூட அவ்வளவு செய்யமாட்டா.

அவ்வளவுதான்டா கதை. மந்தி மரத்துல, நீ பாயில. கண்ணை மூடு.