சும்மா கிடந்த பூ

ஆற்றங்கரைக் காட்டில் இலுப்பை பூத்துவிட்டால் அங்கே யாருக்கும் பாதிக் கண்தான் திறந்திருக்கும். அப்படி ஒரு வாசம்! விடியலில் பூக்கள் பொத்துப் பொத்தென்று உதிரும். பனிமூட்டத்துக்குள் தரையே வெளுத்துக் கிடக்கும். அந்தக் கிறக்கத்தில் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கரைக் கரடி மொக்கையன் வருவான்.

“பூவெல்லாம் சும்மாதானே கிடக்கு, தங்கச்சி? சாயங்காலத்துக்குள்ள அழுகிடும். நான் அள்ளிக்கிறேன்!” என்று வரிச்சி என்ற அணிலிடம் கேட்பான்.

“சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோங்கண்ணே!” என்பாள் வரிச்சி, கொட்டாவி விட்டபடி.

தாராள மனசைப் பாருங்கள்! கூடை கூடையாகப் பூவைக் கொடுத்துவிட்டு, அவன் கொண்டுவரும் ‘தேன்முத்து’ ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்வாள். பழுப்பாய், சுருங்கி, நாக்கில் ஒட்டித் தித்திக்கும் பண்டம் அது. மழைக்காலம் முழுக்க அவளுடைய மூன்று குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

இந்த வருஷம் கைப்பிடி பாதியாகிவிட்டது.

“என்னண்ணே இது? மழை பிடிச்சா பிள்ளைங்க பட்டினி கிடக்குமே!”

“தேன்முத்து பண்றது என்ன லேசான வேலையா? அதெல்லாம் உங்களுக்குப் புரியாது!” என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கிப் போனான் மொக்கையன்.

வரிச்சிக்கு அழுகை முட்டியது. இன்னும் நிறையக் கொடுத்தால் இரங்குவானோ என்று, பூவை இலையில் வைத்து இழுத்து இழுத்து ஆற்றோரப் பாறையில் பரப்பினாள். மொக்கையன் வரவில்லை. காலில் முள் ஏறிப் படுத்துவிட்டானாம்.

நாலு நாள் வெயில் கொளுத்தியது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், அத்தனை பூவும் வற்றிச் சுருண்டு கிடந்தது.

“ஐயோ, பாழாப்போச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கவுதாரி செம்பி ஒன்றைக் கொத்தினாள். அவளுடைய அரைக்கண் முழுக்கண்ணானது.

“அடியே வரிச்சி! இதுதாண்டி தேன்முத்து!”

வரிச்சி கடித்துப் பார்த்தாள். அதே தித்திப்பு! இத்தனை வருஷமாக அவன் பார்த்த பெரிய வேலை, பூவை வெயிலில் போட்டதுதான். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சில நாள் கழித்து மொக்கையன் நொண்டிக்கொண்டே வந்தான். அதே பனிமூட்டம், அதே வாசம். ஆனால் மரத்தடியில் ஒரு பூ இல்லை. எல்லாம் பாறைகளின் மேல் கிடந்தது.

“என்ன தங்கச்சி, பூவெல்லாம் இங்கே சும்மா கிடக்கு?”

“ஆமாண்ணே! வெயில்ல சும்மா கிடக்கிறதுதான் அதுக்கு வேலை!” என்றாள் வரிச்சி, கொட்டாவி விடாமல். “தேன்முத்து வேணும்னா நாலு நாள் கழிச்சு வாங்க. வரும்போது உங்க கரைப் பலாச்சுளை கொண்டு வாங்க, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்!”

தன் மண்ணில் விளைந்ததைப் பச்சையாகவே அள்ளிக் கொடுப்பவர், அதைப் பக்குவமாக்கித் திருப்பித் தருபவரிடம் கடைசிவரை கையேந்தத்தான் வேண்டும்.