முதல் வரிசையில் நயினார்

ஒரு வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். இதில் கொலை இல்லை, களவு இல்லை. ஒரு மாலை நேரத்து நாடகமும் ஒரு பொன்னாடையும்தான். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு முகம் கூசுகிறது. அந்த அரங்கில் நாலாவது வரிசையில் நானும் இருந்தேன். அங்கே பார்க்காததைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு நாடகக் குழு. அதில் கனகசபை என்று ஒரு நடிகர். குரலென்றால் அப்படியொரு குரல். தொட்டில் குழந்தையின் சிணுங்கலிலிருந்து பல் போன கிழவரின் இருமல் வரை அந்த ஒரே தொண்டையில் வரும். அவர் மதுரைப் பேச்சு பேசினால் மதுரைக்காரர்களே எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். சென்னை, நாகர்கோவில், தஞ்சாவூர் எல்லாம் அத்துப்படி. எந்த ஊர்ப் பேச்சு வேண்டுமோ அந்த ஊருக்கே போய் ஒரு வீட்டில் தங்கி, கூடச் சாப்பிட்டு, கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சைத் தந்தவரை முதல் நாள் காட்சிக்கு அழைத்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, இடைவேளையில் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும். கனகசபை அதில் ஒருமுறையும் தவறியதில்லை.

காணாமல்போன மகனைத் தேடி ஊர் ஊராக அலையும் ஒரு தகப்பன் வேஷம் அவருக்கு வந்தது. தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கனகசபை திசையன்விளைக்குப் போய், பம்புசெட் மெக்கானிக் ஆறுமுகநயினார் வீட்டில் எட்டு நாள் தங்கினார். நயினார் மனைவியை இழந்தவர், தானே பொங்கிப் போட்டார். கிளம்பும்போது கனகசபை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேடையில் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார்.

"எம் பேச்சு கோயம்புத்தூர் மேடையில ஏறப் போவுதுன்னு சொல்லுதிய. வராம இருப்பனாய்யா?" என்றார் நயினார். அவர் மகள் வடிவு காதலித்துக் கட்டிக்கொண்டது கோயம்புத்தூர்ப் பையனைத்தான். உடனே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, தனக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள், எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகையில் குழுவின் முதலாளிக்கு நாடகம் பிடிக்கவில்லை. ஒரே அழுகையாக இருக்கிறது, அந்தத் தகப்பனைச் சிரிப்பு வேஷமாக மாற்று என்றார். கனகசபை வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நீட்டி இழுத்தார், முடிவில் குரலைக் கீச்சென்று ஏற்றினார். தகப்பன் கோமாளியாகிவிட்டான். காட்சிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. நயினாரிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. தகப்பன் வாயைத் திறந்ததுமே சிரிப்பு. "எம் புள்ளயப் பாத்தியளா?" என்று கேட்டபோது இன்னும் பெரிய சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். முதல் வரிசையில் வடிவின் மாமியார் அவள் பக்கம் சாய்ந்து, "ஏங்கண்ணு, அப்படியே உங்கப்பாவாட்டமே பேசறானல்லோ!" என்றது எங்கள் வரிசை வரை கேட்டது. வடிவு கொஞ்சம் தயங்கினாள், பிறகு அவளும் சிரித்தாள். நயினார் மட்டும் அசையாமல் இருந்தார்.

இடைவேளையில் பொன்னாடையோடு மேடைக்கு வந்த கனகசபை, முன்வரிசையில் நயினார் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால், இவ்வளவு நேரம் யார் பேச்சுக்குச் சிரித்தோம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், சம்பந்தி முன்னால் அந்த மனுஷன் தலைகுனிய வேண்டிவரும். கூப்பிடாவிட்டால் கொடுத்த வாக்குப் பொய்த்துவிடும். மைக்கின் முன் நின்று, எந்த ஊர்ச் சாயலும் இல்லாத மேடைத் தமிழில், "எனக்கு இந்தப் பேச்சைத் தந்த பெரியவருக்கு உடல்நலம் சரியில்லை. அதனால் இன்று வர இயலவில்லை" என்றார்.

நயினார் எழப் போனார். வடிவு அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கம்முனு உக்காருங்கப்பா."

அவர் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றார். "எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லய்யா. இந்தா, முன்னாலதான இருக்கேன். நாந்தான் ஆறுமுகநயினாரு."

அதே ஊர், அதே பேச்சு. இதுவும் நாடகத்தில் ஒரு துண்டு என்று நினைத்து அரங்கமே சிரித்துக் கைதட்டியது.

இப்போது சொல்லுங்கள். பேரை மறைத்தார் கனகசபை. வேட்டியைப் பிடித்து இழுத்தாள் வடிவு. எழுந்து நின்று தன் பேரைத் தானே சொன்னார் நயினார். மூன்று பேரும் மானத்துக்குப் பயந்துதான் செய்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: நயினார் செய்ததுதான் சரி. கனகசபை அவருடைய மானத்தைக் காக்கத்தானே பொய் சொன்னார் என்று பலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். காக்க நினைத்திருந்தால் பதினொரு நாள் இருந்தது, ஒரு போன் போட்டிருக்கலாம். மேடையில் அவர் காப்பாற்றிக்கொண்டது தன் முகத்தைத்தான். நயினார் கொடுத்தது நல்ல பேச்சு. அதைக் கெடுத்தவர் வெட்கப்பட வேண்டும், கொடுத்தவர் ஏன் ஒளிய வேண்டும்? வடிவு செய்தது தப்புத்தான், ஆனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பொன்னாடைக்குக் காத்திருக்காமல் நயினார் தனியாக வெளியே வந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டார். "இப்படியே நேராப் போனீங்கன்னா வந்துருமுங்க" என்று அசல் கோயம்புத்தூர்க்காரனாக வழி சொன்னேன். எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. திசையன்விளைக்குப் பக்கம்தான்.